பொது நிலமும் வழிகாட்டியின் கட்டணமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமக்குத் தரப்பட்ட பொருள் சமயப் பொருளன்று. பறவைகளும் விலங்குகளும் வாழும் பொது நிலங்களுக்குப் பிரயாணிகளை அழைத்துச் சென்று காட்டிப் பிழைக்கும் வழிகாட்டிகளிடம் எவ்வளவு கட்டணம் அறவிடுவது, அதை எப்படி நிர்ணயிப்பது என்பதே பொருள். இதைக் கேள்வியுற்ற ஒரு பெரியவர், "தம்பிமாரே, இது கச்சேரியிலே பேசவேண்டிய சங்கதியல்லவா? கோயில் மண்டபத்துக்கு ஏன் கொண்டு வந்தீர்கள்?" என்று சிரித்தபடி கேட்டார். "ஐயா, சிவன் சொத்துக் குலநாசம் என்று எமக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள்தானே. ஒருவருக்கும் உரியதல்லாமல் எல்லோருக்கும் உரியதான சொத்தை எப்படிக் காப்பது என்பதைக் கோயிலில் கற்றுக்கொள்ளாமல் வேறெங்கே கற்பது?" என்று விடையிறுத்தோம். அந்த விடையை விரித்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

நமது ஊரின் இருப்பிடத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். வடக்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி கிடக்கின்றது. அதன் சேற்றுக் கரைகளிலே மாரி தொடங்கிப் பங்குனி வரை நீர்ப்பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து மேய்கின்றன. ஆனையிறவுக்கு அப்பால் கிழக்கே சுண்டிக்குளம். அது 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பரப்பு 19,565 ஹெக்டேயர். தெற்கே மன்னார் வீதி வழியாகச் சென்றால் விடத்தல்தீவு. அது 2016 ஆம் ஆண்டில் 29,180 ஹெக்டேயர் பரப்புடன் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. இவ்விரண்டு பெரும் பறவை நிலங்களுக்கும் இடையிலே, வயலும் உவர்நிலமும் மணற்றிட்டும் நீரேரியுமாக நமது பூநகரி அமைந்திருக்கின்றது. கௌதாரி என்ற பறவையின் பெயரையே ஒரு முனைக்குச் சூட்டி, கௌதாரிமுனை என்று அழைத்த முன்னோரின் வழி வந்தவர்கள் நாம்.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே பாதையில் ஏறி நீரேரியைக் கடந்த பெரியோர் இச்சபையிலே பலர் இருக்கிறீர்கள். 2011 ஆம் ஆண்டு சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. யாழ்ப்பாண நகரிலே காலையிற் புறப்படுகிறவர் வெயில் ஏறுமுன் இங்கு வந்து நிற்கலாம். பாலம் நெல்லை வெளியே கொண்டு போகின்றது. உல்லாசப் பிரயாணிகளை உள்ளே கொண்டு வருகின்றது. கோட்டையைப் பார்க்கவும், மண்ணித்தலையிலே சிதைந்து நிற்கும் பழஞ் சிவாலயத்தைத் தரிசிக்கவும், பூநாரைகளைப் படம் பிடிக்கவும் வருகிறவர்களுக்கு வழி காட்ட ஆள் வேண்டும், வள்ளம் வேண்டும், வாகனம் வேண்டும். அங்கேதான் ஒரு தொழில் முளைவிடுகின்றது. பயிர் முளைக்கும்போதே வரம்பு கட்டுகிறவன் கமக்காரன். தொழில் முற்றிய பிறகு வரம்பு கட்டப் போனால் என்ன நேரும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு.

அச்சான்று யால. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டிலே பிறந்தது. மறு ஆண்டு, 1938 இல், யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. யாலவின் ஒரு பகுதி அதற்கு முன்னர் வேட்டைக்காரருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலமாக இருந்தது. துப்பாக்கி போய்க் கமெரா வந்தது நல்ல மாற்றமே. ஆயினும், இன்று அப்பூங்காவின் 979 சதுர கிலோமீற்றரில், சிறுத்தைக்குப் பேர்போன முதலாம் பிரிவு ஏறக்குறைய 141 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. பிரயாணிகள் அனைவரும் அந்தச் சிறு பிரிவையே நாடுகின்றனர். ஒரு சிறுத்தை மரத்திலே படுத்திருப்பதாகத் தொலைபேசியில் ஒரு சாரதி மற்றவருக்குச் சொன்னால், பத்து நிமிஷத்துக்குள் வண்டிகள் வரிசையாகப் பாய்கின்றன. புழுதி எழுகின்றது, ஹோர்ன் ஒலிக்கின்றது, சிறுத்தை எழுந்து போய்விடுகின்றது. அங்கே கட்டணம் இல்லாமலில்லை. வெளிநாட்டாருக்கு ஒரு கட்டணம், உள்நாட்டாருக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணம் என்று எல்லாம் உண்டு. கட்டணம் இருந்தும் ஒழுங்கு ஏன் குலைந்தது என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும்.

எமக்குத் தோன்றும் காரணம் இது. கட்டணத்தின் தொகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதன் வடிவத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் வழிகாட்டியின் கையை நடத்துவது தொகையைவிட வடிவமே. எந்த வகையாகப் பணம் கேட்கிறோமோ அந்த வகையாகவே அவன் வள்ளத்தை ஓட்டுவான். இந்த ஒன்றை நீங்கள் மனத்திற் கொண்டு வீடு திரும்பினால் எமது உரை பயன்பெற்றதாகும்.

இதை விளக்குமுன், கட்டணம் யாருக்கு என்பதைத் தெளிவுபடுத்தல் அவசியம். "நமது கடலிலே, நமது கரையிலே போவதற்கு நமது பிள்ளை ஏன் காசு கட்டவேண்டும்?" என்று கேட்கும் பெரியோர் உண்டு. அந்தக் கேள்வியின் பின்னே ஒரு வலி இருக்கின்றது. போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பிய வன்னி மக்கள் பலர், தாம் விறகு பொறுக்கிய காட்டிலும் மாடு மேய்த்த வெளியிலும் எல்லைக் கற்களைக் கண்டார்கள். ஒதுக்கிடம், சரணாலயம் என்ற சொற்களைக் கேட்டாலே சிலருக்கு மனம் கசக்கின்றது. அந்தக் கசப்பை நாம் மறுக்கவில்லை. ஆதலால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மீன் பிடிக்கப் போகிறவனிடம் கட்டணம் வேண்டாம். கோயிலுக்குப் போகிற அடியாரிடம் வேண்டாம். பாடம் படிக்க வரும் மாணவரிடம் வேண்டாம். தன் பிள்ளைக்குப் பறவையைக் காட்டும் தகப்பனிடம் வேண்டாம். நாம் பேசுவது, பொது நிலத்தின் காட்சியைக் கூலிக்குக் காட்டுகிறவரைப் பற்றி மாத்திரமே. பார்க்கிறவன் வேறு, காட்டிப் பிழைக்கிறவன் வேறு. பிழைப்பதில் குற்றமில்லை. ஆனால் சந்தையிலே கடை போடுகிறவன் நிலவாடகை கொடுப்பதைப் போல, பொதுச் சொத்திலே வருவாய் தேடுகிறவன் அச்சொத்தின் பராமரிப்புக்கு ஒரு பங்கு கொடுப்பதே நியாயம்.

இனி, கட்டணத்தின் வடிவங்களைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் நான்கு.

முதலாவது வடிவம் ஏலம். பிரதேச சபைகள் சந்தையை வருடக் குத்தகைக்கு விடுவதை நாம் அறிவோம். கூடிய தொகை கேட்டவர் குத்தகையை எடுப்பார். பிறகு, போட்ட முதலை வட்டியோடு மீட்பதற்காக, இரண்டு பிடி கீரையோடு வந்து குந்தியிருக்கும் ஆச்சியிடமும் வரி கேட்பார். பறவை நிலத்தையும் இப்படிக் குத்தகைக்கு விட்டால் வருடம் முழுவதற்கும் ஒருவரே எசமானாவார். வள்ளக்காரர் எல்லோரும் அவருக்குக் கூலியாட்களாவார்கள். குத்தகை முடிவதற்குள் இயன்றதை எல்லாம் கறந்துகொள்ளும் ஆசையும் அவருக்கு உண்டாகும். அடுத்த வருடம் பறவை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? குத்தகை வேறொருவருக்குப் போயிருக்குமே!

இரண்டாவது வடிவம், வருடத்துக்கு இத்தனை ரூபா என்ற ஒரே கட்டணம். கேட்பதற்கு இது சமநீதி போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, வருடக் கட்டணம் 50,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக் கம்பனி ஒன்று வருடத்தில் 1,000 பேரைக் கொண்டுவந்தால், ஆளுக்கு 50 ரூபாதான் விழும். நமது கரையிலே ஒரே ஒரு வள்ளம் வைத்திருக்கும் இளைஞன், மாரிகாலத்தில் மட்டும் 50 பேரை ஏற்றிப் போவானானால், ஆளுக்கு 1,000 ரூபா விழும். ஒரே கட்டணந்தான், ஆனால் சிறியவனின் தோளில் இருபது மடங்கு பாரம். அவன் செய்யக்கூடியவை இரண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமற் களவாகப் போவான்; அல்லது, கட்டிய காசை மீட்பதற்காக ஓய்வில்லாமல் ஓடுவான். முதலாவதில் சட்டம் கெடும். இரண்டாவதில் பறவை கெடும்.

மூன்றாவது வடிவம், வருவாயில் நூற்றுக்கு இவ்வளவு என்பது. அமெரிக்காவில் அரசாங்கக் காடுகளைப் பரிபாலிக்கும் வனச் சேவையினர், வழிகாட்டித் தொழில் செய்வோரிடம் அவர்களது மொத்த வருவாயில் நூற்றுக்கு 3 என்ற வீதத்தை நெடுங்காலமாக வழக்கத்திற் கொண்டுள்ளனர். கூடச் சம்பாதித்தவர் கூடக் கொடுக்கிறார். குறையச் சம்பாதித்தவர் குறையக் கொடுக்கிறார். நீதியான முறையே. ஆனால் அதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும்; புத்தகத்தைப் பரிசோதிக்க உத்தியோகத்தர் வேண்டும். கரையிலே கைக்குக் கை காசு மாறும் இடத்தில், உண்மையான வருவாயை எவர் எழுதுவார்? நேர்மையானவன் நிறையக் கட்டுவான். பொய் எழுதுகிறவன் குறையக் கட்டுவான். நேர்மைக்குத் தண்டம் விதிக்கும் வரி நெடுநாள் நிலைக்காது.

நான்காவது வடிவம் தலைக்கணக்கு. ஏற்றிப் போகும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சீட்டு. பஸ்ஸிலே சீட்டுக் கிழிப்பதைப் போல எளிதானது. பத்துப் பேரை ஏற்றினவன் பத்துச் சீட்டுக்குக் கட்டுகிறான். ஒருவரையும் ஏற்றாத மாதத்தில் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிரயாணியின் கையிலும் சீட்டின் பாதி இருப்பதால், களவு செய்தால் வெளிப்பட்டுவிடும். சிறியவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே வீதம். நமது கரைக்கு இதுவே பொருந்தும் என்பது எமது துணிபு.

பொருள் அறவிடும் முறையைப் பற்றி நமது முன்னோர் சிந்திக்காமலில்லை. பிசிராந்தையார் என்ற புலவர் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை புறநானூற்றிலே இருக்கின்றது. சிறு நிலத்தின் விளைவாயினும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பலநாள் போதும். யானை தானே வயலுக்குள் புகுந்தாலோ, அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்பது அதன் கருத்து. அரசிறையைப் பற்றி அவர் சொன்ன உவமை, கட்டணத்துக்கு மாத்திரமன்று, பிரயாணிகளுக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். அளவாக, முறையாக வந்தால் ஊருக்கும் பறவைக்கும் வாழ்வு. திரளாக உள்ளே புகுந்தால், கண்டு மகிழ்வதைவிட மிதித்து அழிப்பதே அதிகமாகும்.

இங்கே பறவையின் பக்கத்தையும் சொல்லவேண்டும். மன்னாரிலே செய்மதிக் கருவி பூட்டி விடப்பட்ட கடற்காகங்கள் 2021 ஆம் ஆண்டில் இரசியாவின் வடதுருவக் கரை வரை பறந்து சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். அவ்வளவு தூரம் பறப்பதற்கு எண்ணெய் எங்கே? நமது கரைகளில் மேய்ந்து உடம்பிலே சேர்த்துக்கொள்ளும் கொழுப்பே அதற்கு எண்ணெய். ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் சேற்றிலே இரை தேடும் மூக்கன்களும், திரும்பும் பயணத்துக்காக மாரி முழுவதும் இந்தக் கொழுப்பைச் சேமிக்கின்றன. ஓர் இயந்திர வள்ளம் அண்மையிற் பாய்ந்து வந்து கூட்டத்தை எழுப்பினால், அந்தப் பிரயாணிக்கு நல்ல படம் ஒன்று கிடைக்கும். பறவைக்கோ அன்றைய உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். ஒருநாள் ஒருமுறை என்றால் தாங்கும். நாள்தோறும் பலமுறை என்றால் அது வேறு கரையைத் தேடிப் போய்விடும். பறவை மனுக் கொடுப்பதில்லை, சத்தியாக்கிரகம் செய்வதில்லை, பேசாமற் போய்விடுகின்றது.

ஆதலாற் கட்டணத்துக்கு முன்னே எண்ணிக்கைக்கு எல்லை கட்டவேண்டும். "கட்டணத்தை வானளவு உயர்த்தினாற் கூட்டம் தானே குறையும்" என்று சிலர் வாதிப்பர். அவர்கள் ஆபிரிக்காவிலுள்ள றுவண்டாவை உதாரணம் காட்டுவர். அங்கே மலைக் கொரில்லாக்களைக் காணும் அனுமதிக்கு 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டணம் 750 டொலரிலிருந்து 1,500 டொலராக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மாத்திரமே, அதுவும் ஒரு மணி நேரமே பார்க்கலாம் என்ற விதி அங்கே இருக்கின்றது. காப்பது அந்த எட்டு என்ற எண். 1,500 என்ற தொகையன்று. கலாப்பகோஸ் தீவுகளிலும் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிநாட்டாருக்கான நுழைவுக் கட்டணம் 100 டொலரிலிருந்து 200 டொலராயிற்று. அங்கும் ஒரு வழிகாட்டியின் கீழ் 16 பேருக்கு மேற் செல்லலாகாது என்ற விதி அதனோடு கூடவே நிற்கின்றது.

எல்லை கட்டாமல் தொகையை மாத்திரம் உயர்த்தினால் விபரீதமே விளையும். அதிகம் கொடுத்தவன் அதிகம் கேட்பான். "இவ்வளவு காசு கட்டி வந்தேன், இன்னும் கிட்டக் கொண்டுபோ" என்பான். வள்ளக்காரன் மறுத்தால் சந்தோஷப் பணம் கிடைக்காது. யாலவிலே சாரதியை விரட்டுவதும் இந்த நெருக்குதலே. அவனை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. பறவையை விட்டு விலகி நிற்கிற வழிகாட்டிக்கு நட்டமும், நெருங்கிப் போகிறவனுக்கு இலாபமும் வருமாறு நாமே ஒழுங்கு செய்துவிட்டு, அவனுக்கு ஒழுக்கம் போதிப்பதிற் பிரயோசனமில்லை. விலகி நிற்பதே இலாபம் என்று ஆக்கவேண்டும். அதற்கு ஒரு வழி பிணைப்பணம். அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது ஒரு சிறு தொகையைப் பிணையாக வைக்கட்டும். பருவம் முடியும்வரை முறைகேடு இல்லையென்றால் முழுவதும் திரும்பக் கிடைக்கட்டும். கூட்டத்தை எழுப்பினாலோ, தடுத்த இடத்தில் இறங்கினாலோ, பறவைகளின் மேலே ட்ரோன் கமெராவைப் பறக்கவிட்டாலோ அதிலே வெட்டு விழட்டும். அப்போது "கிட்டக் கொண்டுபோ" என்கிற பிரயாணிக்கு அவன் சொல்ல ஒரு மறுமொழி இருக்கும்: "ஐயா, அப்படிச் செய்தால் என் பிணைப்பணம் போய்விடும்."

இனி, அறவிட்ட பணம் எங்கே போகின்றது என்ற கேள்வி. இக்கேள்விக்கு விடை சொல்லாத எந்தக் கட்டணமும் ஊரில் மதிப்புப் பெறாது. செங்கல்பட்டிலுள்ள வேடந்தாங்கலைப் பாருங்கள். 1798 ஆம் ஆண்டில் அங்கே ஆட்சித்தலைவராக இருந்த பிளேஸ் என்ற ஆங்கிலேயர், ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்திற் கொடுத்தார். வெடி வைக்க வந்தவரை ஊரார் ஏன் தடுத்தார்கள்? பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தமது வயலுக்கு எரு என்பதைக் கண்டிருந்தார்கள். பறவையின் நன்மை தமது நெல்லிலே தெரிந்தது, ஆதலால் காத்தார்கள். கேரளத்தின் தேக்கடியிலே, பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1990களின் பிற்பகுதியில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. காட்டிலே களவாக வயனைப் பட்டை உரித்தவர்கள் ஒரு குழுவாக்கப்பட்டு வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். களவுப் பாதையை அறிந்தவனைவிடச் சிறந்த காவற்காரன் யார்? பிரயாணிகள் கொடுக்கும் கட்டணம் அவர்களுக்கு வாழ்வாயிற்று, காட்டுக்குக் காவலுமாயிற்று. உகண்டா நாட்டில் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 20 அயலூர்களுக்குச் சேரவேண்டுமென்று 1996 ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்பாடு செய்தது. றுவண்டாவிலும் கட்டணத்தை உயர்த்தியபோதே அயலாரின் பங்கை நூற்றுக்கு 5 இலிருந்து 10 ஆக்கினார்கள்.

நமது நாட்டில் இத்தகைய கட்டணங்களை நிர்ணயிப்பது கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதி. அது வர்த்தமானியிலே வெளியாகும். கரையிலே வள்ளம் தள்ளுகிறவன் வர்த்தமானி வாசிப்பதில்லை. பொதுப் பொருள்களுக்கு விலை பேசும் மேசையிலே நமக்கு ஆசனம் இருப்பது அரிது. காற்றாலைக் கதையை நாம் மறக்கவில்லை. மன்னாரிலும் நமது பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகள் அமைக்க அதானி கம்பனி முன்வந்தது. மின்சாரத்தின் விலையைக் குறைக்கவேண்டும் என்று அரசாங்கம் கேட்டபின் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அது விலகியது. விலை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. நமது காற்றைப் பற்றிய பேச்சை நாம் பத்திரிகையிற் படித்தே அறிந்தோம் என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம். பறவையைப் பற்றிய பேச்சாவது நம்மிடமிருந்து தொடங்கட்டும்.

ஆகவே, அரசினருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் எமது சங்கம் ஒரு மனுச் சமர்ப்பிக்கவேண்டும் என்று பிரேரிக்கிறோம். அதில் ஆறு விஷயங்கள் இருக்கட்டும். முதலாவது, எந்தக் கரைக்கு ஒரு நாளில் எத்தனை வள்ளம், எத்தனை வண்டி என்ற எல்லையைக் கட்டணத்துக்கு முன்னே தீர்மானிக்கவேண்டும். யாலவின் முதலாம் பிரிவை வரட்சிக் காலத்தில் மூடிவைப்பதைப் போல, தேவையான காலத்தில் மூடவும் வேண்டும். இரண்டாவது, பதிவுக் கட்டணம் சிறிதாக இருக்கவேண்டும். முக்கியமான கட்டணம் தலைக்கணக்குச் சீட்டாக இருக்கவேண்டும். மூன்றாவது, பிணைப்பணம் வேண்டும். நான்காவது, அனுமதிப்பத்திரங்களில் ஒரு பங்கு அயற் கிராமத்தவருக்கென்று ஒதுக்கப்படவேண்டும். அதை வெளியாருக்குக் கைமாற்ற இடமிருக்கலாகாது. ஐந்தாவது, சேர்ந்த பணத்தில் ஒரு குறித்த பங்கு அதே கரைக்கும் அதே கிராமத்துக்கும் திரும்பி வரவேண்டும். ஆறாவது, வரவு செலவுக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் உரத்து வாசிக்கவேண்டும்.

ஆறாவதைக் கேட்டு ஒருவரும் வியப்படையத் தேவையில்லை. திருவிழா முடிந்ததும் கோயிலிலே உபயகாரர் தந்தது எவ்வளவு, மேளத்துக்குப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சபையிலே கணக்கு வாசிக்கிறோம். ஐம்பது ரூபா பிசகினாலும் கேள்வி கேட்கிறோம். சில வேளை குரலை உயர்த்தியும் கேட்கிறோம். அந்தப் பழக்கம் நமது இரத்தத்தில் ஊறியது. சுவாமியின் பணத்துக்குக் கேட்கும் கணக்கைச் சுவாமி படைத்த பறவையின் பணத்துக்கும் கேட்போம்.

இளந் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதிப்பத்திரம் அயலவனுக்கு ஒதுக்கப்படவேண்டும் என்று கேட்கும் நாம், அதற்குத் தகுதியுடையவராகவும் இருக்கவேண்டும். "ஊரவன்" என்பது மாத்திரம் தகுதியாகாது. எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகின்றது, எவ்வளவு தூரத்தில் நின்றால் அது தலை தூக்காமல் மேயும், வற்று எந்நேரம், பெருக்கு எந்நேரம் என்பதை அறிந்திருக்கவேண்டும். இவற்றிற் பாதியை நமது மீனவப் பெரியோர் ஏட்டுப் படிப்பில்லாமலே அறிவார்கள். மற்றப் பாதி புத்தகங்களில் இருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் வாசிக்கும் நாமும் வள்ளம் வலிக்கும் நமது சகோதரரும் ஒரே பாயில் இருந்து இவற்றைப் பரிமாறிக்கொண்டால், வெளியிலிருந்து எந்தக் கம்பனி வந்தாலும் நம்மைத் தள்ளிவிட முடியாது. எமது சங்கம் வரும் மாரியிலே சனிக்கிழமை தோறும் பறவைகளை எண்ணிக் குறிப்பெடுக்கும் பணியைத் தொடங்கவேண்டும். எல்லை கட்டுவதற்கு எண் வேண்டும்; அந்த எண் நமது கையில் இருந்தால்தான் மேசையிலே நமது வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போகவே நினைக்கிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கவலை இன்னும் கூடியிருக்கின்றது. ஊரிலே நிற்கத் துணியும் பிள்ளைக்கு, தந்தையின் வள்ளமும் தான் பிறந்த கரையும் ஒரு கௌரவமான பிழைப்பைத் தரக்கூடும். ஆனால் அந்தப் பிழைப்பின் வாசலிலே பெருந்தொகை ஒன்றை வைத்தால் அவன் திரும்பிப் போய்விடுவான். வாசலே இல்லாமல் விட்டால், வந்தவன் எல்லாம் புகுந்து, நாளைக்கு அவனுக்குக் காட்ட ஒன்றுமே இல்லாமற் செய்துவிடுவான். அளவான வாசலும் நேர்மையான வாசற்காவலும் வேண்டும். கட்டணம் என்பது அந்த வாசல். அதன் உயரத்தைப் பற்றி மாத்திரம் வாதிடாமல், யார் நுழையும்படி அதை அமைக்கிறோம் என்று சிந்தியுங்கள் என்பதே எமது விண்ணப்பம்.

ஆண்டுதோறும் வாடைக்காற்றோடு அந்தப் பறவைகள் வருகின்றன. போர் நடந்த ஆண்டுகளிலும், நாம் ஊரைவிட்டுப் போயிருந்த காலத்திலும், இந்த நீரேரியை அவை மறக்கவில்லை. நாம் திரும்பி வந்தபோது நம்மை வரவேற்ற பழைய அயலவரில் அவையும் சேர்ந்தவை. அயலவரை விற்றுப் பிழைப்பது நமது மரபன்று. அயலவரோடு சேர்ந்து பிழைப்பதே மரபு. அதற்குரிய நல்லறிவையும் நடுநிலையையும் எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.